கனகத்துக்காக ஜெபித்த சபை

அன்புள்ள மகன் தேவராஜுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எங்கள் ஆத்துமாவின் சுகத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஓசூரில் ஷிப்ட் முடித்து, சமைத்துச் சாப்பிட்டு, அதற்கு மேலும் உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறாய் என்றால் உடம்பு நன்றாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடிதத்தை உன் அம்மாவிடம் முழுதாகக் காட்டவில்லை. பெண் வீட்டார் அடுத்த மாதம் வீடு பார்க்க வருகிறார்கள் என்ற பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் அன்றைக்கே சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லிவிட்டாள். மற்றப் பக்கங்கள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. அவர்கள் பரிசுத்தமான குடும்பம் என்றும், சினிமா, கதை, நாடகம் எதையும் வாசற்படி ஏறவிடாதவர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்து அலமாரியில் அடுக்கியிருக்கிற தொடர்கதைப் புத்தகங்களை அவர்கள் வருவதற்குள் எரித்துவிட வேண்டும், மனசு கேட்காவிட்டால் ஒளித்தாவது வைக்க வேண்டும், அந்த இடத்தில் வேதப்புத்தகத்தை வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேதப்புத்தகம் ஏற்கெனவே அதே அலமாரியில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று கடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் எட்டாவதுக்கு மேல் போகாதவன். உனக்கு வேதம் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. ஆனால் சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு. அரிசிப் பஞ்ச காலத்தில் தண்டலத்துச் செக்போஸ்ட்டில் நின்றவன் நான். ஒரு ஜில்லா அரிசி அடுத்த ஜில்லாவுக்கு அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. லாரி மூட்டைகளைக் குத்தூசியால் குத்திப் பார்ப்போம். வைக்கோலுக்குள் அரிசி, மண்ணெண்ணெய் டின்னுக்குள் அரிசி, வல்லக்கோட்டைக் கிருத்திகைக்குப் போகிற பஸ்ஸில் பூக்கூடைக்கு அடியில் அரிசி. மாசமாக இருக்கிறேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பெண்கள் பாதிப்பேருக்கு அரிசிதான் பிறந்தது. அந்த வேலை போய், இப்போது கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, வெளியே போகிற டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறேன். ஒரகடம் பக்கம் ஜீப்பில் வந்து நிலம் அளக்கிறவர்கள் நல்ல விலை தருகிறோம் என்று சிரித்தால், அந்தச் சிரிப்பையும் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. அதனால் உன் கடிதத்தையும் கொஞ்சம் குத்திப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே.

குத்தியதில் முதலில் வந்தது உன் வருங்கால மாமனார். அவர் உனக்கு லைன் சூப்பர்வைசர். அவரே உங்கள் ஜெபக்கூட்டத்துக்கும் தலைவர். ஓ.டி. யாருக்கு என்பதும் அவர் வாயில், பரலோகம் யாருக்கு என்பதும் அவர் வாயில் என்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. நல்ல மனிதராகவே இருக்கட்டும். கெட்ட மனிதர் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. போட்டோவில் சிரிக்காமல் நிற்கிறாள். சிரிக்காதே என்று பக்கத்தில் நின்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். இங்கே வந்தால் சிரிப்பாள். நம் வீட்டில் சிரிக்க விஷயமா இல்லை, நான் இருக்கிறேனே.

இரண்டாவது, நீ எழுதியிருக்கிற வசனங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒன்று வைத்திருக்கிறாய். நம் கேட்டில் ஒருவன் எந்தக் கேள்வி கேட்டாலும் உடனே சீட்டை எடுத்து நீட்டினால், அவன் பையைத்தான் நான் முதலில் திறப்பேன். வசனத்தின் மேல் சந்தேகம் இல்லை. அது இவ்வளவு சீக்கிரம் கைக்கு வருவதில்தான் சந்தேகம். ஏன் என்று கேட்டால், நானும் அப்படி ஒரு காலத்தில் வசனம் எடுத்தவன்.

எங்கள் நாளில் கண்ணை மூடி ஜெபம் பண்ணி, வேதப்புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் வருவதுதான் ஆண்டவரின் பதில் என்று எடுத்துக்கொள்வோம். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், கிரேஸ் என்று பேர், பல் முளைக்கிற பருவத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் உன்னிடம் பேசியதில்லை. அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த சாயங்காலம், ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டு நான் விரல் வைத்தேன். ஒரு கட்டடத்தின் அளவு வந்தது. நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம், கதவு, தூண், அவ்வளவுதான். நான் விட்டேனா? இது எனக்குத்தான், கட்டட வேலைக்குப் போ என்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, இருந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பூந்தமல்லியில் ஒரு மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவர் என் தோளையும் கையையும் பார்த்து, "இன்னாப்பா, செங்கல்ல நீ தூக்குவியா, உன்ன செங்கல் தூக்குமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஆறுதல் வேண்டும் என்று தவிக்கிற மனிதன் முழக்கணக்கில்கூட ஆறுதல் எடுத்துவிடுவான் என்பதை அன்று கற்றேன். அதிலிருந்து ஆறுதல் என்று யார் எதை நீட்டினாலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

உன் அம்மா விரல் வைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வசனம் கொண்டுவந்தார்கள். ஆண்டவருக்குப் பிரியமான பிள்ளை, அதனால் எடுத்துக்கொண்டார் என்றார்கள். "அப்போ உங்க புள்ளைங்க மேல அவருக்குப் பிரியம் இல்லியா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். நம் குடும்ப ஜெபம் உனக்குத் தெரியும்: பாட்டு, வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம். அவள் முறை வரும்போது பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆமென் சொல்லிவிடுவேன். ஜெபத்தில் மட்டும் இல்லை, மெல்ல மெல்ல வீட்டிலும் பேச்சு நின்றது. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், உப்பு குறைவாக இருந்தால் நானே எழுந்து போட்டுக்கொள்வேன். மாதக்கணக்கில் அப்படி. அவளை இப்படியே இழந்துவிடப் போகிறோம் என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வசனம் வரும்.

அந்தச் சமயத்தில் செக்போஸ்ட்டில் சோதனைக்காக நிறுத்திய பஸ்ஸில் யாரோ ஒரு வாரப் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார்கள். பாத்திர அலமாரித் தட்டில் விரிக்க ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டேன். அதோடு மறந்துவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான், இதில் எனக்குப் பெருமை ஒன்றும் சேர்க்காதே.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல நான் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அவள் பேசினாள். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. "ஆண்டவரே, கனகத்தைக் கைவிடாதேயும். அவ புருஷன் அவமேல சந்தேகப்பட்டு வூட்ட விட்டு அனுப்பிட்டான். கொழந்தைய புடுங்கிக்கினான். அவ பேர்ல ஒரு குத்தமும் இல்லன்னு உமக்குத் தெரியும். அவ கொழந்தைய அவகிட்ட சேர்த்துடும்." இவ்வளவு சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்க்கிறேன், கிரேஸ் போன பிறகு.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யார் இந்தக் கனகம் என்றுதான் வந்தது. "யாரு அது?" என்று கேட்டேன். "தெரிஞ்ச பொண்ணு" என்றாள். "எந்த ஊரு?" "இந்தப் பக்கம் இல்ல." "உனக்கு எப்டித் தெரியும்?" "இன்னா, செக்போஸ்ட்டா இது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் பழைய குரல் அது. அதற்காகவாவது நான் விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. புருஷன் சந்தேகப்படுகிறான், குழந்தை கையை விட்டுப் போய்விட்டது. கனகம் என்று ஒருத்தியும் இல்லை, இவள் நம்மைப் பற்றித்தான் வேறு பேரில் ஆண்டவரிடம் புகார் வைக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் லாரி மூட்டையைக் குத்தும்போதெல்லாம் யோசித்தேன். நான் அவளை எப்போது சந்தேகப்பட்டேன்? நேற்றைக்கு முன்னால் இல்லை. நேற்றிலிருந்துதான்.

அவள் வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்தின் ஜெபத்திலும் கனகத்துக்காக ஜெபித்திருக்கிறாள். ஊமையாகக் கிடந்தவள் வாய் திறந்ததே என்று எல்லாரும் நெகிழ்ந்துபோய், அப்போது நம் சபையை நடத்திவந்த உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். உபதேசியார் நல்ல மனிதர். சைக்கிளும் ஒரு கிழிந்த குடையும்தான் அவர் சொத்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, "நம்முடைய சகோதரி கனகம் பெரிய துன்பத்தில் இருக்கிறாள், புருஷனுடைய சந்தேகத்தினால் தள்ளப்பட்டிருக்கிறாள், சபையார் எல்லாரும் முழங்காலில் நின்று அவளுக்காக மன்றாடுவோம்" என்றார். சபை முழுவதும் முழங்காலில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் இருப்பவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. நானும் கனகத்துக்காக ஜெபித்தேன். அவள் புருஷனுக்காகவும் கொஞ்சம் சேர்த்து ஜெபித்தேன், அவன் யார் என்று தெரியாததால்.

இது இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நம் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் எடுத்துவைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள் அல்லவா? அந்தப் பஞ்சத்திலும் அதை விடவில்லை. பிடி சிறிதானதே தவிர நிற்கவில்லை. அந்த மாதத்துப் பிடி அரிசி முழுவதையும் கனகத்துக்குக் கொடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

நான் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருக்கிறேன். நல்ல வெயில். உபதேசியார் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்து வருகிறார். என்னோடு வேலை பார்த்த ஏகாம்பரம் கட்டையை இறக்கிவிட்டான். நான் கேட்காமல் முடியுமா?

"ஐயா, கேரியர்ல இன்னா?"

"அரிசிதாம்பா."

"எங்க போவுது?"

"உங்க வூட்டுக்குத்தான். அம்மாகிட்ட குடுத்தா கனகத்துக்குப் போய்ச் சேந்துரும்னு சொன்னாங்க."

ஏகாம்பரத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? "இன்னா வாத்யாரே, ஊர் அரிசியெல்லாம் புடிச்சிக்கினு கீறோம், உன் வூட்டுக்கு மட்டும் கோயில்லேருந்தே மூட்ட வருதா? யாரு அந்தக் கனகம், சின்ன வூடா?" என்றான். உபதேசியார் காதில் விழாத மாதிரி குடையைச் சரிசெய்தார். நான் ஏகாம்பரத்திடம் ட்யூட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்தேன். இன்றைக்கு உண்மை வெளியே வரும், நான் கெட்டவன் என்று சபை மூட்டையோடு வந்து சொல்லப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

உன் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் மூட்டையை இறக்கிவைத்து, "அம்மா, கனகம் எந்தத் தெருன்னு சொன்னா நானே போய்க் குடுத்துட்டு வந்துர்றேன். அவங்கவங்க வயித்தக் கட்டி சேர்த்த அரிசி. வழியில கொட்டிடக்கூடாது பாருங்க" என்றார். அவள் மூட்டையையே பார்த்தாள்.

"ஐயா, அவளுக்கு வூடு இல்ல."

"வூட்ட விட்டு அனுப்பிட்டான்னு தெரியுமே. இப்ப எங்க கீறா?"

"புஸ்தகத்துல கீறா."

எழுந்து போய் அரிசிப் பானையை நகர்த்தினாள். அதற்கு அடியில் பலகை. பலகைக்கு அடியில் வாரப் பத்திரிகைகள். காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர் பெண்சாதியிடம் சொல்லிவைத்து, வாரா வாரம் வாங்கியிருக்கிறாள். வயிற்றில் கட்டிய அரிசியை நடையை வைத்தே கண்டுபிடிக்கிறவன் என்று எனக்கு ஆபீசில் பேர். என் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் மாமியாரும் குழந்தையும் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அந்தப் புருஷன் நான் இல்லை.

உபதேசியார் ஒரு பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார். கனகம் படத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பத்திரிகையை மூடிவைத்தார். "நான் சபையாருக்கு இன்னான்னு சொல்லுவேன்? இல்லாத ஒருத்திக்காக எல்லாரும் முட்டி போட்டமேம்மா. பசியில கீறவங்க அரிசி குடுத்தாங்களே."

"அரிசிய நான் கேக்கல ஐயா. அது என் தப்புன்னா நான் சபையில வந்து சொல்றேன். ஆனா நான் பொய்யா ஜெபம் பண்ணல." உன் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "என் கொழந்தையப் பத்திப் பேச வாயத் தொறந்தா எனக்கு ஆண்டவரோட சண்டதான் வருது. சண்ட போட பயமா கீது. கீற ஒரு மனுஷனயும் எட்த்துக்குவாரோன்னு. இவளுக்காகன்னா எனக்கு ஜெபம் வருது. இவ கொழந்தையயும் புடுங்கிக்கினாங்க. இவளுக்காவது திருப்பிக் குடுன்னு கேட்டுக்கினு இருந்தேன்."

கீற ஒரு மனுஷன் என்று அவள் சொன்னது என்னை. அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் வாயைக் கட்டியது துக்கம் மட்டும் இல்லை, நான் போய்விடுவேனோ என்ற பயமும்தான். நான் அவளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உபதேசியார் மூட்டையின் வாயைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். பிறகு, "விலாசம் தப்பா இருந்தா தபாலாபீஸ்லதான் திருப்பி அனுப்புவாங்க. ஜெபத்த ஆண்டவரு அப்டி அனுப்ப மாட்டாரு" என்றார். எனக்கு அந்தப் பதிலும் சந்தேகம்தான். மாட்டிக்கொண்ட உபதேசியார் வெளியே வர எடுத்துக்கொண்ட வழி என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் சபையில், "கனகத்துக்கு அரிசி தேவைப்படவில்லை, அது நம் விதவைகளுக்குப் போகும், ஜெபத்தை மட்டும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பொய்யும் இல்லை, உண்மையும் முழுசாக இல்லை. நல்ல உபதேசியாருக்கு அந்தக் கலை தெரிந்திருக்க வேண்டும்.

அன்று ஆராதனை முடிந்து நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். சந்தோஷம் என்று பேர், சபைக் கமிட்டியில் இருந்த ஒருவரின் மனைவி. நல்ல புடவை, கழுத்து நிறைய நகை. வாசலில் நின்று, உள்ளே வராமல், உன் அம்மாவை முறைத்தாள். "உண்மையச் சொல்லு. என் சமாச்சாரத்த உனக்கு யாரு சொன்னது?" என்றாள். உன் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவளே மேலே பேசினாள். "நான் யார்கிட்டயும் சொல்லலியே. எங்கம்மாகிட்டகூட சொல்லல. அவரு எம்மேல சந்தேகப்பட்டு எம் பொண்ண வாலாஜாபாத்துல அவரு அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டது படிக்க வைக்கத்தான்னு ஊரே நம்பிக்கினு கீது. கனகம்னு பேரு மாத்தி கோயில்ல வச்சி சொல்லிட்டியே." சொல்லிக்கொண்டே வந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா படிக்க, சந்தோஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

பிறகு ஒரு நாள் இருவரும் பஸ் ஏறி வாலாஜாபாத் போய் அந்தப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கதையால்தான் நடந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சந்தோஷம் வெகுநாளாகவே போக நினைத்திருக்கலாம். சபையே ஜெபித்ததால் நடந்தது என்றும் சத்தியம் பண்ண மாட்டேன். போகும்போது உன் அம்மா கூட இருந்தாள், அதை மட்டும் சொல்வேன். அந்தக் கமிட்டிக்காரர் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. கதைப் புத்தகத்தால் குடும்பங்கள் கெடுகின்றன என்று கூட்டத்தில் பேசினார். இன்று உன் கடிதத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கதை எழுதுகிறவர்களை நான் நம்புகிறேன் என்று நினைத்துவிடாதே. கனகத்தின் கதையை எழுதியவரும் பிழைக்கத்தான் எழுதினார். ஒரு வாரம் கனகத்தைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் முழுவதும் கதையை வேறு யாரோ கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். உன் அம்மா அந்த வாரம் முழுக்கக் கிணற்றைப் பார்க்கவே பயந்தாள். கடைசியில் புருஷனுக்குக் காய்ச்சல் வந்து, கனகம் கஞ்சி ஊற்றி, எல்லாரும் ஒன்றாகி, சுபம் போட்டுவிட்டார். உன் அம்மா அந்தக் கடைசி வாரத்தை மட்டும் தைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் கொண்டுவந்த கோணி ஊசியாலும் சணலாலும் தைத்து வைத்தாள். "இவரு அவள நல்லா அழவச்சாரு. கடைசியில அவருக்கே அவசரம் வந்துட்ச்சி" என்றாள். என்னை மாதிரியே அவளும் சந்தேகக்காரிதான். அதை நீ அறியமாட்டாய்.

கதை முடிந்த பிறகு, ஒரு சாயங்கால ஜெபத்தில், கனகத்துக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் போன பிறகு, அவள் கிரேஸின் பேரைச் சொன்னாள். ஜெபம் இல்லை அது. சண்டை. ஏன் என்று கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள், நீர் செய்தது சரியில்லை என்று சொன்னாள். நான் பயந்துபோய்க் கூரையைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. அப்புறம் வேதப்புத்தகத்தை அவளாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அதில் அவளைப் போலச் சண்டை போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அவள்தான் காட்டினாள். அந்த இடங்களை யாரும் புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதில்லை. அவள் வேதத்தைத் தொடர்கதை படிக்கிற மாதிரிதான் படிக்கிறாள். ஒரு வரியில் வந்து போகிற பெண்ணைப் பிடித்துக்கொள்வாள். "அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆனா? ஏன் எழுதல?" என்று கேட்பாள். சபைக்கு வந்துபோகிற எத்தனையோ பாதிரி ஐயர்மார்களைக் கேட்டுவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. உன் மாமனார் வரும்போதும் கேட்பாள், அவரைத் தயாராக வரச் சொல்.

நீ பிறந்தது அதற்குப் பிறகு. உன்னைச் சுமந்திருந்த மாதங்களில் அவள் எனக்கும் பயப்படவில்லை, மேலே இருப்பவருக்கும் பயப்படவில்லை. உனக்காக வாய்விட்டுக் கேட்டாள். நீ இன்று ஜெபத்தில் குரல் உயர்த்துகிறாயே, அந்தக் குரல் அவளுடையது. நான் இன்னும் முணுமுணுப்பதோடு சரி.

அப்பா விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டார் என்று உன் கூட்டத்தில் சொல்வாயோ என்னவோ. சொல்லிக்கொள். வேதம் வேறு, கதை வேறு என்பது எனக்கும் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை. எது அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கூட இருந்து பார்த்தவன், அவ்வளவே. உனக்கு அந்த ஜெபக்கூட்டத்தில் ஆறுதல் கிடைக்கிறது என்றால் அதை நான் பிடுங்கமாட்டேன். ஊர் தெரியாத இடத்தில் தனியாக இருக்கிறாய், கிடைக்கட்டும். ஆனால் ஒருவருடைய ஆறுதலை வாங்கிக்கொண்டு வந்து அடுத்தவருடைய ஆறுதலை எரிக்கச் சொல்கிற இடத்தில் மட்டும் நின்று, பையைத் திறந்து பார். இந்த ஒரு தொழில்தான் எனக்குத் தெரியும், அதை உனக்குக் கொடுக்கிறேன்.

அந்தப் புத்தகங்களை எடுத்து ஒளிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. உன் அம்மா தண்ணீருக்குப் போகிற நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஜெபத்தில் அவள் முறை வந்து, அவள் பாயைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்தால், அதைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்று உன் மாமனாரிடம் கேட்டு எனக்கு எழுது. வசனம் வேண்டாம், அது அப்போதே வீடு நிறைய வந்தது. வேறு ஏதாவது சொன்னால் எழுது. பதில் வந்த பிறகு ஒளித்துவைக்கிறேன்.

அதுவரைக்கும் அவை இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா